குமிழி நின்றால் காலைத் தட்டவும்

மே 26, ஞாயிறு

துளிருக்குக் காலை இட்லி ஒன்றரை. மதியம் பருப்புச் சாதம், ஆறு வாய். பால் இரண்டு டம்ளர். வெளிக்கு இரண்டு முறை. சளி இல்லை.

இவர் இன்று ஒரு காகிதத்தை என் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். தட்டைக் கழுவ எடுத்தபோதுதான் பார்த்தேன். ஓரத்தில் ரசம் பட்டிருந்தது. அடுத்த மாதம் கரீபியன் கடலில் ஏழு இரவு கப்பல் பயணம் என்பது ஏற்கெனவே முடிவானதுதான். ஊரிலிருந்து வந்திருக்கும் மதினிக்குக் கப்பல் பார்க்க ஆசை. காகிதத்தில் இருந்தது வேறு. வழியில் ரோவாட்டான் என்றொரு தீவு, அங்கே ஸ்கூபா டைவிங், முதல்முறை இறங்குபவர்களுக்கு. ஒரு நபர். என் பெயர்.

"என்னங்க இது? யாருக்கு?"

"பேரு போட்ருக்குல்ல. இந்த வீட்ல எத்தன சங்கரேஸ்வரி இருக்காக?"

"பிள்ளைய யாரு பாத்துக்கிடுவா?"

"நான் யாரு, பக்கத்து வீட்டுக்காரனா?"

வேலுத்தாய் மதினி இவருடைய அக்கா. கோவில்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். லீவில் வந்தும் கழுத்தில் விசில் தொங்காத குறை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "ஏலே கதிரேசா, எனக்கு ஒரு சீட்டுப் போடல? நானும் முங்குவேம்ல" என்றார்.

"உனக்குப் பிரஷர் மாத்திரை இருக்குக்கா. விட மாட்டாங்க."

"பிரஷரே உன்னாலதான்."

நான் விருதுநகர்க்காரி. தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்த தெருவில் பிறந்து, கடல் உயிரியல் படித்தேன். எம்.எஸ்சி. ரெக்கார்டு நோட்டில் நாற்பத்து மூன்று பவளங்கள் வரைந்திருக்கிறேன். ஆய்வுக்கூட அலமாரியில் இருந்தவை எல்லாம் வெள்ளை. வெள்ளை என்றால் செத்தது, கூடு மட்டும் என்று அர்த்தம். நான் பார்த்த பவளம் எல்லாம் எலும்பு. நிறத்தைப் புத்தகத்தைப் பார்த்துப் பென்சிலால் தீட்டினோம். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துக்கு வகுப்பே போய் முகமூடி போட்டுத் தண்ணீருக்குள் பார்த்தது. சம்மதக் கடிதத்தில் அப்பா கையெழுத்துப் போடவில்லை. அன்றைக்கு நான் விடுதியில் துணி துவைத்தேன்.

இதை இவரிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறேன். எங்கே உட்கார்ந்து சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது. அதை இங்கே எழுத வேண்டாம்.

மூச்சு: 26.

ஜூன் 9, ஞாயிறு

தோசை ஒன்று. மதியம் எதுவும் இறங்கவில்லை. நாலு மணிக்கு வாழைப்பழம் பாதி, மீதிப் பாதி சோபாவில்.

டைவிங்குக்கு உடல்நலப் படிவம் வந்திருக்கிறது. ஆஸ்துமா உண்டா, காதில் அறுவைச் சிகிச்சை நடந்ததா, மயக்கம் வருமா, இதயத்தில் கோளாறா, கர்ப்பமா. எல்லாவற்றுக்கும் 'இல்லை'. நீச்சலும் தெரியும், துளிர் வருவதற்கு முந்தைய கோடையில் அடுக்ககக் குளத்தில் கற்றுக்கொண்டது. மூன்று முறை படித்தேன். "பரீட்சைப் பேப்பரா அது?" என்று இவர் கேட்டார். எங்காவது ஓர் 'ஆம்' கிடைத்துவிடாதா என்று தேடினேன் என்று சொல்லவில்லை.

மதினி இந்த நோட்டைப் பார்த்துவிட்டார்.

"என்ன பிள்ள இது, தெனமும் எழுதுற? நாங்க பள்ளிக்கூடத்துல உயரம் எடை எழுதுற ரிஜிஸ்டர் மாதிரியில்ல இருக்கு."

"ஆஸ்பத்திரில குடுத்த பழக்கம் மதினி. பால் எவ்வளவு, தூக்கம் எவ்வளவுன்னு எழுதச் சொன்னாங்க. அப்படியே வந்துட்டு."

"பிள்ளைக்கு ரெண்டே கால் வயசாச்சு. அவள டிஸ்சார்ஜ் பண்ணிட்டாக. ஒன்ன இன்னும் பண்ணலியாக்கும்?"

சிரித்தேன். அவரும் சிரித்தார். நோட்டை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றிவிட்டேன்.

மூச்சு: 24. (நிமிடத்துக்கு. சும்மா ஒரு பழக்கம்.)

ஜூன் 14, வெள்ளி

பெட்டி கட்டியாயிற்று. தெர்மாமீட்டர் இரண்டு, ஒன்று கெட்டால் இன்னொன்று. இவரிடம் சொல்லவில்லை. மூச்சு: 25.

ஜூன் 15, சனி. கப்பலில்

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் சார்லட்டிலிருந்து ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்துக்கு விமானம். துளிர் வழி முழுக்க முன் இருக்கைக்காரரின் வழுக்கையைத் தொட முயன்றாள்.

கப்பல் இல்லை, படுத்துக் கிடக்கும் பத்து மாடிக் கட்டடம். புறப்படும் முன் ஆபத்து வந்தால் எங்கே கூடி நிற்க வேண்டும் என்று காட்டினார்கள். வரிசை கோணலாக இருந்தது மதினிக்குப் பொறுக்கவில்லை. "ஒரு கை இடைவெளி விட்டு நிக்கத் தெரியுதா பாரு. இவ்வளவு பெரிய கப்பல் கட்டத் தெரியுது" என்று முன்னால் நின்ற ஒரு டெக்சாஸ் குடும்பத்தையே கையால் நகர்த்தி நேராக்கினார். அவர்களும் நகர்ந்து நின்று நன்றி சொன்னார்கள்.

இரவு சாப்பாடு: பருப்புப் பொடி, வெண்ணெய், கப்பல்காரர் சோறு. துளிர் எட்டு வாய். எட்டு!

அறைக்குத் திரும்பினால் கட்டிலில் ஒரு யானை உட்கார்ந்திருந்தது. அறையைச் சுத்தம் செய்கிறவர் வெள்ளைத் துண்டை மடித்துச் செய்தது. துளிர் அதற்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி அதனுடன் வெகுநேரம் பேசினாள்.

குளிர்சாதனத்தின் இரைச்சலில் எதுவுமே காதில் விழவில்லை. விரலை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூச்சு: 27. மறுபடி எண்ணியபோது 25. இடம் புதிது, அதனால் இருக்கும்.

ஜூன் 16, ஞாயிறு. கடல் மட்டும்

இன்று கப்பலின் நீச்சல் குளத்தில் டைவிங் பாடம். ஆறு பேர். கற்றுத் தருபவர் யோலாண்டா என்ற பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், குள்ளம், முதுகில் சிலிண்டரைப் பள்ளிப் பை மாதிரி மாட்டிக்கொள்கிறார். சொந்த ஊரே ரோவாட்டான் தீவுதான். "செவ்வாய்க்கிழமை உங்களை என் வீட்டுக் கொல்லைக்குக் கூட்டிப் போகிறேன்" என்றார்.

என் முகமூடி நிற்கவே இல்லை. இறுக்கினால் வழுக்கியது, விட்டால் தண்ணீர் புகுந்தது. யோலாண்டா கழற்றிப் பார்த்து, ரப்பர் விளிம்பை விரலால் தேய்த்து, மோந்து பார்த்தார். தேங்காய் எண்ணெய். "வெளியூர் போற பிள்ள, சூட்டுக்கு நல்லது" என்று காலையில் மதினி தலையில் ஒரு கை நிறைய வைத்து அழுத்தியது நெற்றி வரை இறங்கியிருக்கிறது. "நான் எத்தனையோ நாட்டுக்காரர்களை இறக்கியிருக்கிறேன். வறுப்பதற்குத் தயாராக வந்தது நீங்கள்தான்" என்றார் யோலாண்டா. சோப்புப் போட்டு முகத்தைக் கழுவி வந்தேன்.

அது சின்ன விஷயம். பெரிய விஷயம் வேறு.

அவர் சொன்ன முதல் விதி: தண்ணீருக்கடியில் மூச்சைப் பிடித்து வைக்கவே கூடாது. ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர விரியும். பிடித்து வைத்துக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழியும். இழு, விடு, இழு, விடு. மற்றது எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இது ஒன்று போதும் என்றார். சுலபம்தானே என்றுதான் நினைத்தேன். பிறந்ததிலிருந்து செய்கிற வேலை.

இறங்கினேன். குழாயை வாயில் வைத்து இழுத்தேன். அந்தச் சத்தம், புஸ்ஸென்று காற்று உள்ளே வரும் அந்த இயந்திரச் சத்தம் காதில் விழுந்ததும் உடம்பு அப்படியே நின்றுவிட்டது. யோலாண்டா என் முகத்தருகே விரலைச் சுழற்றினார், விடு விடு என்று. விட்டேன். அடுத்ததை இழுத்தேன். மறுபடி நின்றேன். நான்கு முறை. என்னை மேலே கூட்டி வந்துவிட்டார்.

"எல்லோரும் பயத்தில் வேகமாக மூச்சு விடுவார்கள். நீங்கள் நிறுத்துகிறீர்கள். எதையோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி நிற்கிறீர்கள். எதைக் கேட்கிறீர்கள்?"

"ஒன்றுமில்லை" என்றேன்.

"நாளை மாலை இன்னொரு முறை பார்க்கலாம். அப்போதும் குமிழி நின்றால், மன்னிக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை நீங்கள் கரையில்தான்."

மதினி குளத்தோரம் நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். "மத்தவுகளுக்கெல்லாம் சோடா பாட்டில் மாதிரி பொங்கிட்டு வருது. ஒனக்குப் பச்சத்தண்ணி மாதிரியில்ல கெடக்கு" என்றார். இவர் துண்டை என் தலையில் போட்டுத் துவட்டிவிட்டார், துளிருக்குச் செய்வது மாதிரி.

ஒரு வகையில் நிம்மதி. கரையில் இருந்தால் துளிர் பக்கத்திலேயே இருக்கலாம். நாற்பத்து மூன்று பவளமும் அங்கேயேதான் இருக்கும், எங்கேயும் போகாது.

நிம்மதி என்று எழுதிவிட்டேன். அப்படி ஒன்றும் இல்லை. தலையைத் துவட்டும்போது அழுகை வந்தது.

மூச்சு: 24.

ஜூன் 17, திங்கள். கடல் மட்டும்

இதை வரிசையாக எழுத வேண்டும்.

காலை பத்து மணி. நான் குளியலறையில் துளிரின் சட்டைகளை அலசிக்கொண்டிருந்தேன். வெளியே பேச்சுச் சத்தம் இல்லை. பிள்ளை சத்தம் போடாமல் இருந்தால் எனக்கு ஆகாது. எட்டிப் பார்த்தேன்.

துளிர் துண்டு யானையைத் தலையணையில் படுக்க வைத்து, கழுத்து வரை போர்த்தியிருந்தாள். தும்பிக்கைக்குக் கீழே தன் ஆள்காட்டி விரலைக் குறுக்கே வைத்திருந்தாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. அசையவில்லை. முகம் சிவந்துகொண்டே வந்தது.

"துளிரு! என்ன பண்ற?"

புஸ்ஸென்று விட்டாள். இருமினாள். "யானே தூங்குது. அம்மா மாரி பாக்கேன்."

பிறகு யானையை மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டு, யாருக்கும் தொந்தரவு இல்லாத குரலில், "மூச்சு வல்ல" என்றாள்.

மதினி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பவர், எழுந்து வந்து பிள்ளையின் முதுகைத் தடவினார். இவர் மடிக்கணினியை மூடினார்.

நான் ஒவ்வொரு இரவும் அதைத்தான் செய்கிறேன். அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்து, அந்தச் சின்னக் காற்று தெரிய வேண்டும் என்பதற்காக, அதன் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக, என் மூச்சை நிறுத்திக்கொள்கிறேன். இரண்டு வருடமாக. நான் நிறுத்துவது எனக்கே தெரியாது. அவள் எப்போதோ கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறாள். தூங்குகிறவரை அன்பாகப் பார்ப்பது என்றால் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள்.

எழுத வேண்டாம் என்று வைத்திருந்ததையும் எழுதிவிடுகிறேன். துளிர் இருபத்தொன்பதாவது வாரத்தில் பிறந்தாள். ஒரு கிலோ நூறு கிராம். நாற்பத்தேழு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். குறைமாதக் குழந்தைகள் மூச்சு விடுவதை மறந்துவிடுமாம். மறந்ததும் மணி அடிக்கும். நர்ஸ் ஓடி வரமாட்டார், நடந்துதான் வருவார். வந்து உள்ளங்காலை ஒரு விரலால் தட்டுவார். 'ஏய், மறந்துட்டியே' என்பது போல. உடனே நினைவு வந்து இழுப்பாள். பெட்டிக்குப் பக்கத்திலிருந்த வெளிர்பச்சை நாற்காலியில் உட்கார்ந்து, இவருக்குப் பேச எதுவும் இல்லாத ஒரு நாளில்தான், மண்டபம் போகாத கதையைச் சொன்னேன். ஏதாவது பேச வேண்டுமே என்று. இயந்திரம் புஸ், புஸ் என்றுகொண்டிருந்தது.

அதே சத்தம். நேற்றுக் குளத்துக்குள் என் வாயில் இருந்த குழாயிலிருந்து அதே சத்தம்தான் வந்தது.

காலையில் துளிரைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோனேன். கைகழுவும் தொட்டியில் தண்ணீர் நிரப்பினேன். பயணப் பெட்டி மேல் அவளை நிறுத்தினேன். மூச்சைப் பிடித்து வைக்கிற விளையாட்டை இவளிடமிருந்து இப்போதே பிடுங்கிவிட வேண்டும். வேறொன்று கொடுத்தால்தான் பிடுங்க முடியும்.

"அம்மா ஒண்ணு காட்றேன் பாரு."

வாயைத் தண்ணீரில் வைத்து, தினமும் தூங்க வைக்கப் பாடுகிற அதே தாலாட்டை, ரோ... ரோ... என்று தண்ணீருக்குள்ளேயே இழுத்தேன். தொட்டி முழுக்கக் குமிழி பொங்கியது. சத்தம் தவளை பாடுவது மாதிரி இருந்தது. துளிர் சிரித்த சிரிப்பில் பெட்டியிலிருந்து விழப் பார்த்தாள். "நானு! நானு!" அவளும் வைத்தாள். ரோ... புளுபுளு. ரோ... புளுபுளு. சட்டை நனைந்தது, தரை நனைந்தது. அலசிப் போட்டிருந்த துணியும் மறுபடி நனைந்தது.

வாசலில் இவர். "ஈஸ்வரி."

"என்ன?"

"நீ எத்தன நேரமா மூச்ச நிறுத்தாம இருக்கன்னு பாரு."

நான் நிமிர்ந்தேன். பாடிக்கொண்டிருக்கிறவள் எப்படி மூச்சைப் பிடிக்க முடியும்?

மாலை ஐந்து மணி, குளம். எண்ணெய் இல்லாத தலை. இறங்குவதற்கு முன் யோலாண்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணாடிப் பெட்டி, மணி, உள்ளங்கால். ஓர் அந்நியரிடம் இவ்வளவு வேகமாக நான் சொன்னதே இல்லை. கடைசியில் கேட்டேன்: "என் குமிழி நின்றால் நீங்கள் என் காலைத் தட்ட முடியுமா? விரலைச் சுழற்றினால் எனக்குப் பதற்றம்தான் வருகிறது. காலைத் தட்டினால் புரியும்."

அவர் என் சிலிண்டர் பட்டையை இறுக்கினார். "இருபது வருடத்தில் இப்படி ஒரு சைகையை யாரும் கேட்டதில்லை. சரி. கணுக்காலில், ஒரு விரலால்."

குழாயை வாயில் கவ்விக்கொண்டே ரோ... ரோ... என்று முனகினேன். குமிழி நிற்கவில்லை. பத்து நிமிடம். மேலே வந்தபோது மதினி நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, பையிலிருந்து நிஜமாகவே விசிலை எடுத்து ஊதினார். குளத்துக் காவலர் ஓடி வந்தார்.

"ஊரு போயி சொன்னா நம்புவாகளா? தாலாட்டுப் பாடிக்கிட்டுக் கடலுக்குள்ள போறாளாம்!"

"நீங்க எதுக்கு மதினி விசில் கொண்டு வந்தீக?"

"நீ ரெண்டு தெர்மாமீட்டர் கொண்டு வரல?"

தெரிந்திருக்கிறது.

மூச்சு: 24. எண்ணும்போது நான் நிறுத்தவில்லை. நிறுத்தாமல் எண்ணுவது கடினமாக இருந்தது. இரண்டு முறை கணக்கு விட்டுப்போனது.

ஜூன் 18, செவ்வாய், காலை

தீவு தெரிகிறது. பச்சை மலை, அதன் மேல் ஒரு துண்டு மேகம்.

மதினி காபியோடு ஆரம்பித்துவிட்டார். "செவ்வாக்கெழம கடல்ல எறங்கக் கூடாதும்பாக."

"அது நம்மூர்க் கடலுக்கு. இங்க எல்லாக் கெழமையும் லீவுதான்" என்றார் இவர்.

துளிரின் பையில்: மாற்றுச் சட்டை மூன்று, தண்ணீர், பிஸ்கட், சோறு டப்பா, தொப்பி, மருந்து, என் பழைய துப்பட்டா. தூங்கும் நேரம் பதினொன்றரை. நான் தண்ணீருக்குள் இருக்கும் நேரமும் பதினொன்றரை. என்ன செய்ய. இவரிடம் எதையும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். விரலை வைத்துப் பார்க்கச் சொல்லக் கூடாது.

சொல்லவில்லை.

ஜூன் 18, செவ்வாய், ராத்திரி

இது கதிரேசன். நீ ஏழரைக்கே தூங்கிட்ட, செருப்பக் கூடக் கழட்டல, நான்தான் கழட்டுனேன். நோட்டு காலியா இருந்தா நாளைக்கு என்னைய ஏசுவ. அதனால எழுதுறேன்.

சாப்பாடு: மதியம் சோறு பத்து வாய் (அக்கா ஊட்டுச்சு, விசில் ஊதி ஊதி). ராத்திரி பாஸ்தா, எண்ணல. பால் ஒரு டம்ளர்.

மூச்சு: பாப்பாவுக்கு 24. உனக்கு 15.

உனக்கு எப்பவும் 15, 16தான். நீ பாப்பாவுக்கு எண்ணி முடிச்சுட்டு 'ஹும்'னு ஒரு பெருமூச்சு விட்டுட்டுப் படுப்ப. நீ தூங்குனப்புறம் நான் உன்னுத எண்ணுவேன். ஆஸ்பத்திரி நாள்ல இருந்து. நோட்டு போடல, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூன் 19, புதன்

முந்தைய பக்கத்தை இன்று காலையில் படித்தேன். படித்துவிட்டு வந்து கேட்டேன்.

"ரெண்டு வருஷமாவா?"

"லீவு நாள்லயும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ என்கிட்டச் சொன்னியா?"

 அவர் காலை மிதித்தேன். மெதுவாகத்தான்.

இப்போது நேற்று நடந்ததை எழுதுகிறேன், மறந்துபோவதற்கு முன்.

படகில் போனோம், யோலாண்டாவும், பாடம் கற்ற ஆறு பேரில் தேறிய நாங்கள் நான்கு பேரும். இவர், மதினி, துளிர் மூன்று பேரும் கரையில் ஓலைக் குடைக்குக் கீழே. துளிர் கையாட்டினாள். பிறகு ஒரு நண்டைப் பார்த்துவிட்டாள், என்னை மறந்தே போனாள்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வோர் அடிக்கும் மூக்கைப் பிடித்து ஊதிக் காதடைப்பை விடுவித்துக்கொண்டு. இருபது அடியில் ஒரு மணல் திட்டு. மண்டி போட்டேன். ரோ... ரோ... என் தலைக்கு மேலே குமிழிகள் ஒன்றன் பின் ஒன்றாக, வெளிச்சத்தை நோக்கி. என் மூச்சை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

பிறகு தலையைத் திருப்பினேன்.

மூளைப் பவளம். ரெக்கார்டு நோட்டில் இருபத்திரண்டாம் பக்கம். மூளை என்றிருக்கிறதே என்று நான் ரோஸ் பென்சிலால் தீட்டியிருந்தேன், பேராசிரியரும் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார். ரோஸ் இல்லை! பாசி படிந்த பித்தளைப் பானை நிறம், பள்ளங்களுக்குள் மட்டும் வெயிலில் வைத்த பச்சைப் பயறு மாதிரி ஒரு பச்சை. ஒரு சோபா அளவு இருந்தது. அதில் ஒரு பக்கம் வெள்ளை. அந்த வெள்ளை எனக்குத் தெரியும், அலமாரி வெள்ளை. கடல் சூடாகிப்போனதில் செத்த பகுதி. ஆனால் அந்த வெள்ளைக்கும் பச்சைக்கும் நடுவே உயிருள்ள ஓரம் தடித்து, மடிந்து, செத்த இடத்தின் மேல் ஏறி வருவது போல நின்றது. புத்தகத்தில் ஓரம் என்று ஒன்று வரையவே மாட்டார்கள்.

கடல்விசிறிப் பவளங்கள் ஊதா. அலைக்கு ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக நிமிர்ந்தன. கிளிமீன் ஒன்று பாறையைக் கடிக்கிற சத்தம் கேட்டது, யாரோ முறுக்குத் தின்பது மாதிரி. சத்தியமாக.

அதே மூளைப் பவளத்தின் மேல் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு ஜோடிச் சவுக்கு மரம், மஞ்சள். மரம் இல்லை, புழு. உடம்பு பவளத்துக்குள் இருக்கும், வெளியே விரிந்திருப்பது அதன் செவுள். அதன் வழியாகத்தான் அது மூச்சு விடும். இன்னும் கிட்டே பார்க்கலாம் என்று குனிந்தேன். என் நிழல் அதன் மேல் விழுந்தது. சட்டென்று இரண்டும் உள்ளே போய்விட்டன. துளைதான் மிச்சம்.

நான் காத்திருந்தேன். வருமா வராதா என்று.

கணுக்காலில் ஒரு தட்டு. ஒரே ஒரு விரல்.

குமிழி நின்றிருக்கிறது. நான் நிறுத்தியிருக்கிறேன், வழக்கம் போல. ரோ என்று விட்டேன். குமிழிகள் முகத்தை உரசிக்கொண்டு மேலே போயின. தள்ளி வந்தேன், என் நிழல் அதன் மேல் படாத தூரத்துக்கு. கொஞ்ச நேரத்தில் முதலில் ஒன்று நுனியை நீட்டியது, பிறகு மற்றது, பிறகு இரண்டும் முழுசாக விரிந்தன. யோலாண்டா தட்ட வேண்டி வந்தது அந்த ஒரு முறைதான்.

மேலே வந்து படகில் முகமூடியைக் கழற்றியதும் யோலாண்டா, "என் வீட்டுக் கொல்லை எப்படி இருந்தது?" என்று கேட்டார். நான் கடல் உயிரியல் முதுகலைப் பட்டதாரி. நாற்பத்து மூன்று பெயர்களும் லத்தீனில் தெரியும்.  அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முதல்முறை இறங்குபவர்கள் பாதிப் பேர் அழுவார்கள் என்று சொல்லி ஓர் ஆரஞ்சுச் சுளை கொடுத்தார்.

கரையில் துளிர் தூங்கிக்கொண்டிருந்தாள். மணல் மேல் பாய், பாய் மேல் என் துப்பட்டா, துப்பட்டா மேல் குப்புற அவள், பிருஷ்டம் வானத்தைப் பார்க்க. நண்டு பிடித்த கையில் இன்னும் மணல். மதினி ஓலைக் குடைக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தார், நிழல் பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்று. இவர் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். ஐம்பது நிமிடம். யாரும் எண்ணவில்லை. அவள்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஓடிப்போய் விரலை வைக்கத்தான் கை நீண்டது. ஈரக் கை. சிலிர்த்து எழுந்துவிடுவாள் என்று நின்றேன்.

மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பிள்ள, பாத்தியா ஒம் பவளத்த?"

"பாத்தேன் மதினி."

"எப்படி இருந்துச்சு?"

"உயிரோட இருந்துச்சு."

"பெறகென்ன" என்றார். நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

இன்று கப்பலில் ஒரு வேலையும் இல்லை. ஊருக்குத் தொலைபேசியில் அம்மாவிடம் பேசினேன். பரண் மேல் தகரப் பெட்டியில் என் ரெக்கார்டு நோட்டு இருக்கும், யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், பத்திரமாக வைத்திரு, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். இருபத்திரண்டாம் பக்கத்தை முதலில் அழிக்க வேண்டும். ரோஸ் பென்சில் லேசில் அழியாது.

துளிர்: காலை ரொட்டி, மதியம் சோறு, இரவு நூடுல்ஸ். எத்தனை வாய் என்று பார்க்கவில்லை. தூங்க வைக்கும்போது அவளே எனக்கு ரோ ரோ பாடினாள், புளுபுளுவோடு. துண்டு யானைக்குப் பதிலாக இன்று துண்டுக் குரங்கு வந்திருக்கிறது. அதையும் போர்த்திப் படுக்க வைத்திருக்கிறாள். விரல் வைக்கவில்லை. முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

மூச்சு: இருக்கிறது.